தொலைத்தொடுகோட்டை வளைவு வெட்டிச் செல்லலாமா? விகிதமுறு சார்புகள் பற்றி ஒரு கேள்வி

ஆறாம் படிவ மாணவன், சுங்கை சிப்புட்:

அனைவருக்கும் வணக்கம். நான் சுங்கை சிப்புட்டை அடுத்துள்ள ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். எஸ்.டி.பி.எம். என்னும் மலேசிய உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ்த் தேர்வுக்குக் கணிதம் டி என்ற பாடம் படித்து வருகிறேன். பள்ளியில் பாடம் மலாய்மொழியில் நடக்கிறது. இரவில் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் நாங்கள் நாலைந்து பேர் கூடிப் படிக்கும்போது தமிழில்தான் ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்கிறோம். ஆகவே வகுப்பில் ‘அசிம்தோத்’ என்று சொல்லப்படுவதை இங்கே தொலைத்தொடுகோடு (வளைவு வெகுதொலைவில் நெருங்கிக்கொண்டே போகும் கோடு) என்றே எழுதுகிறேன். கைப்பேசியில் தமிழ் விசைப்பலகையில் தட்டுவதால், மாறியை ‘ம’ என்றும் சார்பின் மதிப்பை ‘ச’ என்றும் குறித்திருக்கிறேன்.

எங்களைக் குழப்பிய கணக்கு, ஒரு பல்லுறுப்புக்கோவையை இன்னொன்றால் வகுக்கும் இந்த விகிதமுறு சார்புதான்: ச = (2ம² − 3ம + 1)/(ம² − 4). தொகுதியின் படியும் பகுதியின் படியும் சமமாக இருப்பதால், தலையுறுப்புகளின் (மிக உயர்ந்த படி உள்ள உறுப்புகளின்) கெழுக்களை வகுத்து, ச = 2 என்பது கிடைமட்டத் தொலைத்தொடுகோடு என்று எழுதினோம். விடைப் பகுதியிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் வளைவை வரைவதற்காகக் கணிப்பானில் மதிப்புகளைப் போட்டுப் பார்த்தபோது, ம = 3 என்ற இடத்தில் ச சரியாக 2 ஆகிவிடுகிறது. அதன் பிறகு ம = 5 எனில் 1.714, ம = 6 எனில் 1.719, ம = 10 எனில் 1.781 என்று வருகிறது. அதாவது வளைவு அந்தக் கோட்டை வெட்டிக் கீழே இறங்கி, பிறகு மறுபடியும் அதை நோக்கி ஏறுகிறது. ‘தொலைத்தொடுகோட்டை வளைவு ஒருபோதும் தொடாது’ என்று குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் இட்டு வைத்திருக்கிறோம். இரண்டில் எதை நம்புவது?

இதோடு இன்னும் இரண்டு ஐயங்கள் உண்டு. (ம² + 3)/(ம − 1) என்ற சார்பில் தலையுறுப்புகளை வகுத்தால் ம வருகிறது; ஆனால் சாய்ந்த தொலைத்தொடுகோடு ச = ம + 1 என்று விடை சொல்கிறது. கிடைமட்டக் கோட்டுக்குத் தலையுறுப்புகள் போதும் என்றால், சாய்ந்த கோட்டுக்கு மட்டும் ஏன் போதவில்லை? அந்த 1 எங்கிருந்து வந்தது? அடுத்து, (ம² − ம − 6)/(ம² − 9) என்ற சார்பின் பகுதி 3, −3 ஆகிய இரண்டு இடங்களிலும் சுழியமாகிறது. இருந்தும் நிலைக்குத்துத் தொலைத்தொடுகோடு −3 என்ற இடத்தில் மட்டுமே உண்டு என்கிறார்கள். விதிகளை மனப்பாடம் செய்து விடை எழுதிவிட முடியும். ஆனால் காரணம் தெரியாமல் வரைபடம் வரையக் கை வரவில்லை. தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், ஈப்போ:

தம்பி, குறிப்பேட்டில் அடிக்கோடிட்ட அந்த வரியை முதலில் அடித்துவிடுங்கள். அது எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். 1/ம, (2ம + 3)/(ம − 1) என்பன போல, தொகுதியும் பகுதியும் முதற்படியைத் தாண்டாத சார்புகளின் வளைவுகள், சுருங்கி வெறும் நேர்க்கோடாகிவிடாத வரை, எல்லாமே அதிபரவளையங்கள். கி.மு. மூன்றாம் நூற்றாண்டு வாக்கில் பெர்காவைச் சேர்ந்த அப்பலோனியஸ் கூம்பு வெட்டுகளை ஆராய்ந்த காலம் தொட்டே, அதிபரவளையம் தன் தொலைத்தொடுகோடுகளைத் தொடுவதில்லை என்பது அறியப்பட்ட செய்தி. பாடம் பெரும்பாலும் இந்த வளைவிலிருந்தே தொடங்குவதால், அதிபரவளையத்துக்கு மட்டும் உரிய குணம் தொலைத்தொடுகோட்டின் வரையறையாகவே மாணவர் மனத்தில் பதிந்துவிடுகிறது.

வரையறை வேறு. ம வரம்பின்றிப் பெருகும்போது, அல்லது எதிர்த்திசையில் வரம்பின்றிக் குறையும்போது, வளைவின் மதிப்புக்கும் கோட்டின் மதிப்புக்கும் உள்ள வித்தியாசம் சுழியத்தை நெருங்க வேண்டும். கிடைமட்டக் கோட்டிடமும் சாய்ந்த கோட்டிடமும் கேட்கப்படுவது இவ்வளவே. நடுவில் 3 என்ற இடத்தில் என்ன நடக்கிறது, 5 என்ற இடத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி அந்த வரையறை வாயே திறப்பதில்லை. தொலைத்தொடுகோடு வளைவைத் தடுத்து நிறுத்தும் வேலி அன்று.

இனி உங்கள் முதல் கணக்கை எடுத்து, தொகுதியைப் பகுதியால் நீள்வகுத்தல் முறையில் வகுத்துப் பாருங்கள். ஈவு 2, மீதி −3ம + 9. ஆகவே ச = 2 + (−3ம + 9)/(ம² − 4). இந்த ஒரு வரியில் உங்கள் கேள்விக்கான விடை முழுவதும் அடங்கியிருக்கிறது. மீதியின் படி எப்போதும் பகுதியின் படியைவிடக் குறைவாகவே இருக்கும். அப்படி இல்லையென்றால் வகுத்தல் இன்னும் முடியவில்லை என்று பொருள். படி குறைந்த கோவையைப் படி கூடிய கோவையால் வகுத்தால், தொலைவில் அந்தப் பின்னம் சுழியத்தை நோக்கித் தேய்ந்தே தீரும். ம = 1000 என்று போடுங்கள்: மேலே −2991, கீழே 999996, விகிதம் ஏறக்குறைய −0.003. எனவே தொலைவில் எஞ்சி நிற்பது ஈவு மட்டுமே. அந்த ஈவைத்தான் தொலைத்தொடுகோடு என்கிறோம்.

வளைவு எந்த இடத்தில் கோட்டை வெட்டும்? பின்னப் பகுதி முழுவதும் சுழியமாகும் இடத்தில்; அதாவது −3ம + 9 = 0, ம = 3. நீங்கள் கணிப்பானில் கண்டதும் அதுவே. வளைவு கோட்டுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதையும் அதே பின்னத்தின் குறி சொல்லிவிடும். வலப்பக்கம் வெகுதொலைவில் −3ம + 9 எதிர்மம், ம² − 4 நேர்மம். ஆகவே வளைவு 2-க்குக் கீழே இருந்துகொண்டு அதை நோக்கி ஏறும். இடப்பக்கம் வெகுதொலைவில் இரண்டுமே நேர்மம். ஆகவே வளைவு 2-க்கு மேலே இருக்கும். ம = −10 எனில் ச = 2.406, ம = −100 எனில் 2.031 என்று வருவதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் இதிலிருந்து கிடைக்கிறது. மீதி ஒரு பல்லுறுப்புக்கோவை என்பதால் அது எண்ணற்ற இடங்களில் சுழியமாக முடியாது. பகுதி இரண்டாம் படி என்றால் மீதி முதற்படியைத் தாண்டாது. ஆகவே வளைவு தன் தொலைத்தொடுகோட்டை வெட்டுவதானால் ஒரே இடத்தில்தான் வெட்டும். பகுதி ஐந்தாம் படி என்றால் நான்கு இடங்களுக்கு மேல் வெட்டாது. போதிய தொலைவுக்குப் போய்விட்டால் அதன் பிறகு எந்த விகிதமுறு சார்பும் தன் தொலைத்தொடுகோட்டைத் தொடுவதில்லை. ஈவே சார்பாக, மீதியே இல்லாமல் போகும் நிலை மட்டும் விலக்கு. சைன் ம என்பதை ம-வால் வகுத்துக் கிடைக்கும் சார்பு அப்படியல்ல. அது கிடை அச்சை எத்தனை தொலைவு போனாலும் வெட்டிக்கொண்டே இருக்கும், ஆனாலும் கிடை அச்சே அதன் தொலைத்தொடுகோடு. உங்கள் குறிப்பேட்டு வரி எவ்வளவு தூரம் தவறானது என்பதை அந்த ஒரு வளைவே காட்டிவிடும்.

இப்போது சாய்ந்த கோட்டுக்கு வருகிறேன். மூன்று கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். (ம² + 3)-ஐ (ம − 1)-ஆல் வகுத்தால் ஈவு ம + 1, மீதி 4. ஆகவே ச = ம + 1 + 4/(ம − 1). ம = 1001 என்று எடுத்துக்கொண்டால் ச = 1002.004. இதை ம-வோடு ஒப்பிட்டால் விகிதம் 1.001, இன்னும் தொலைவுக்குப் போனால் விகிதம் 1-ஐ மேலும் நெருங்கும். ‘தலையுறுப்புகள்தாம் இறுதி நடத்தையைத் தீர்மானிக்கின்றன’ என்ற கூற்றுக்கு இந்த அளவில்தான் பொருள் உண்டு: வளைவு எவ்வளவு வேகத்தில் வளர்கிறது என்பதை அவை சொல்கின்றன. ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள். 1002.004-லிருந்து 1001-ஐக் கழித்தால் 1.004. ம பத்து லட்சம் ஆனாலும் அந்த வித்தியாசம் 1-க்குக் கீழே இறங்காது. விகிதம் 1-ஐ நெருங்குவது வேறு, வித்தியாசம் சுழியத்தை நெருங்குவது வேறு. தொலைத்தொடுகோட்டுக்கு வேண்டியது இரண்டாவது.

அப்படியானால் கிடைமட்டக் கோட்டுக்கு மட்டும் தலையுறுப்புகள் எப்படிப் போதுமாயின என்று கேட்பீர்கள். வகுத்தலை ஓர் அடுக்கு வரிசையாக எண்ணிப் பாருங்கள். படிகள் சமம் என்றால் முதலில் ஒரு மாறிலி வருகிறது. அதற்கு அடுத்து வரவேண்டியது 1/ம என்ற அளவிலான உறுப்பு, அது தொலைவில் மறைந்துவிடும். தொகுதியின் படி ஒன்று கூடுதல் என்றால் முதலில் ம-வின் மடங்கு வருகிறது. அதற்கு அடுத்து வருவது மாறிலி, அது எங்கும் மறையாது. தலையுறுப்புகள் இரண்டு சூழலிலும் முதல் உறுப்பை மட்டுமே தருகின்றன. முதல் சூழலில் அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை, இரண்டாவதில் தேவைப்படுகிறது. தொகுதியின் படி குறைவு என்றால் ஈவு 0, அதனால்தான் கிடை அச்சே தொலைத்தொடுகோடாகிறது. நீங்கள் மனப்பாடம் செய்த மூன்று விதிகளும் இப்படி ஒரே வகுத்தலிலிருந்து உதிர்ந்தவை. விதிகளை முதலில் கொடுத்துவிட்டு வகுத்தலைப் பிறகு காட்டுவது தலைகீழான வரிசை என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாவது கேள்வியை இளையவர் யாராவது எடுத்துக்கொள்ளட்டும்.

தனிப்பயிற்சி ஆசிரியர், தாப்பா:

ஐயா விளக்கியது அத்தனையும் சரி. ஆனால் தேர்வுக்கூடத்தில் நேரம் குறைவு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கிடைமட்டக் கோட்டை மட்டும் கேட்கும் கேள்விக்கு நீள்வகுத்தல் செய்துகொண்டிருந்தால் அடுத்த கேள்வி கையைவிட்டுப் போய்விடும்; தொகுதியையும் பகுதியையும் ம²-ஆல் வகுத்து, (2 − 3/ம + 1/ம²)/(1 − 4/ம²) என்று எழுதி, 3/ம முதலியவை தொலைவில் சுழியமாகின்றன என்று ஒரு வரி காட்டினாலே போதும். வளைவை வரையச் சொல்லும்போதும், கோட்டை வெட்டும் இடத்தைக் கேட்கும்போதும், சாய்ந்த கோடு வரும்போதும் வகுத்தலுக்குப் போகலாம்.

பொறியியல் மாணவி, கிள்ளான்:

தம்பியின் மூன்றாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். (ம² − ம − 6)/(ம² − 9) என்பதைக் காரணிப்படுத்தினால் (ம − 3)(ம + 2)/((ம − 3)(ம + 3)) என்றாகும். ம = 3 தவிர மற்ற எல்லா இடங்களிலும் இது (ம + 2)/(ம + 3) என்பதற்குச் சமம். பகுதி சுழியமாவதால் மட்டும் சார்பு முடிவிலிக்கு ஓடிவிடாது. தொகுதியும் அதே இடத்தில் சுழியமானால் இரண்டுக்கும் நடுவில் யார் முந்துகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். ம = 2.99 எனில் ச ஏறக்குறைய 0.8331, ம = 3.01 எனில் 0.8336. இரண்டு பக்கமிருந்தும் வளைவு 5/6 என்ற மதிப்பை நோக்கி அமைதியாக வருகிறது. சரியாக 3 என்ற இடத்தில் மட்டும் சார்புக்கு மதிப்பில்லை. ஆகவே அங்கே ஒரு துளையை, அதாவது நிரப்பாத சிறு வட்டத்தை, போட வேண்டும். −3 என்ற இடத்தில் கதை வேறு: ம = −2.99 எனில் −99, ம = −3.01 எனில் 101. அங்கே தொகுதி சுழியமாகவில்லை, பகுதி மட்டும் சுழியத்தை நெருங்குகிறது; ஆகவே நிலைக்குத்துத் தொலைத்தொடுகோடு கட்டாயம் உண்டு.

பொதுவான காரணி இருந்தாலே துளைதான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. (ம − 3)/(ம − 3)² என்பதில் ஒரு காரணி நீங்கிய பிறகும் பகுதியில் இன்னொன்று எஞ்சுகிறது. அதனால் அங்கே துளை இல்லை, தொலைத்தொடுகோடுதான். சுருக்கி முடித்த பிறகும் பகுதியில் எஞ்சியிருப்பது எது என்பதுதான் கேள்வி.

ஈப்போ ஐயாவின் வகுத்தல் முறையில் ஒரு கண்ணி இருக்கிறது; இந்தச் சார்பு அதை நன்றாகக் காட்டும். சுருக்காமல் நேரடியாக வகுத்தால் ச = 1 + (−ம + 3)/(ம² − 9) என்று வரும். மீதி ம = 3-இல் சுழியமாகிறது; ஆகவே வளைவு அங்கே ச = 1 என்ற கோட்டை வெட்டுகிறது என்று எழுதத் தோன்றும். ஆனால் அங்கேதான் துளை இருக்கிறது, அதுவும் 5/6 என்ற உயரத்தில். சுருக்கிய பிறகு வகுத்தால் 1 − 1/(ம + 3) என்று வரும். இதில் மீதி சுழியமாவதே இல்லை, வளைவும் கோட்டை எங்கும் வெட்டுவதில்லை. ஆகவே காரணிப்படுத்திச் சுருக்குவது முதலில், வகுத்தல் அதற்குப் பிறகு.

நிலைக்குத்துக் கோட்டின் இருபுறமும் வளைவு எத்திசையில் போகிறது என்பதற்கு எஞ்சிய காரணியின் அடுக்கைப் பார்த்தால் போதும். அடுக்கு ஒற்றைப்படை என்றால் ஒரு பக்கம் மேலே, மறுபக்கம் கீழே. இரட்டைப்படை என்றால் இரண்டு பக்கமும் ஒரே திசை. முதல் கணக்கில் ம = 2, ம = −2 இரண்டிலும் அடுக்கு ஒன்றுதான். 2-க்கு வலப்புறம் வளைவு மேலே ஓடுகிறது, இடப்புறம் கீழே விழுகிறது. −2-க்கு வலப்புறம் கீழே, இடப்புறம் மேலே.

இதனால் −2-க்கும் 2-க்கும் நடுவிலுள்ள துண்டு இரண்டு ஓரங்களிலும் கீழே தொங்குகிறது. அந்த நடுத்துண்டைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் கைப்பேசிச் செயலிகள் அதைச் சரியாகக் காட்டுவதில்லை. தொகுதி (2ம − 1)(ம − 1) என்பதால் வளைவு 1/2, 1 ஆகிய இரண்டு இடங்களில் கிடை அச்சை வெட்டுகிறது; ம = 0 எனில் ச = −1/4. அப்படியானால் 1/2-க்கும் 1-க்கும் நடுவில் அது அச்சுக்கு மேலே எழும்பியாக வேண்டும். ம = 3/4 எனில் ச = 2/55, அதாவது 0.036 மட்டுமே. திரையில் பார்த்தால் வளைவு அச்சைத் தொட்டுவிட்டுத் திரும்புவது போலத்தான் தெரியும். ஒரே இடத்தில் தொடுகிறது என்று வரைந்தால் விடை தவறு. ஜியோஜீப்ரா என்ற வரைபடச் செயலியில் அந்த இடத்தை விரித்துப் பார்த்தால் சிறிய மேடு ஒன்று தெரியும். துளைகளும் அப்படித்தான், திரையில் பெரும்பாலும் கண்ணுக்குப் படுவதில்லை. செயலியை இறுதிச் சரிபார்ப்புக்கு வைத்துக்கொள்வது நல்லது.

தொகுதியின் படி இரண்டோ அதற்கு மேலோ கூடுதலாக இருந்தால் என்ன ஆகும் என்று தம்பி கேட்கவில்லை. ஆனால் அடுத்து அதுதான் வரும். (ம³ + 1)/ம என்பதை வகுத்தால் ம² + 1/ம. தொலைவில் வளைவு எந்த நேர்க்கோட்டையும் பின்பற்றாமல், ச = ம² என்ற பரவளையத்தை ஒட்டிப் போகும். 1704-இல் வெளியான முப்படி வளைவுகளின் வகைப்பாட்டில் நியூட்டன் ‘திரிசூலம்’ என்று பெயரிட்ட குடும்பத்தைச் சேர்ந்தது இந்த வளைவு. வரைந்து பாருங்கள், பெயர் பொருத்தம்தான் என்பீர்கள்.

தோட்ட அலுவலகக் கிராணி, கோல சிலாங்கூர்:

நான் கணித ஆசிரியன் அல்லன். ஆனால் தோட்டத்துக் கணக்கில் இந்தச் சார்புகள் தினமும் வருகின்றன என்பதால் எழுதுகிறேன். செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்ல ஒரு லாரிக்கு நடை ஒன்றுக்கு 150 ரிங்கிட் வாடகை, அதற்கு மேல் டன்னுக்கு 12 ரிங்கிட் கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள் (எண்கள் கணக்குக்காக நான் போட்டவை). ம டன் ஏற்றினால், டன் ஒன்றுக்கு விழும் சராசரிச் செலவு (150 + 12ம)/ம, அதாவது 12 + 150/ம. ஒரே டன்னோடு லாரி போனால் டன்னுக்கு 162 ரிங்கிட், 5 டன் என்றால் 42, 10 டன் என்றால் 27. தொலைத்தொடுகோடு 12. டன் கூடக்கூட, வாடகை பலர் மேல் பகிரப்படுவது போல, டன்னுக்கு விழும் பங்கு குறைகிறது. ஆனால் கூலிக்குக் கீழே சராசரி ஒருநாளும் போகாது.

இதில் கவனிக்க வேண்டியது, சராசரி 13-க்குக் கீழே வர 150 டன்னுக்கு மேல் ஏற்ற வேண்டும் என்பது. எந்த லாரியும் அதைச் சுமக்காது. ஆகவே 12 என்ற எண் செலவு எந்தப் பக்கம் போகிறது என்பதைச் சொல்கிறதே தவிர, எங்கள் செலவு 12 என்று சொல்லவில்லை. புதிதாக வரும் இளைஞர்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டு மதிப்பீடு எழுதுவதைப் பார்த்திருக்கிறேன்.

பால்மரத் (ரப்பர்) தோட்டத்திலிருந்தும் ஒன்று சொல்லலாம். 20 லிட்டர் பாலில் உலர் ரப்பர் ஏறக்குறைய 30 விழுக்காடு இருந்தால், ஒரு லிட்டரைத் தோராயமாக ஒரு கிலோ என்று கொண்டு, அதில் 6 கிலோ ரப்பர் இருக்கிறது. ம லிட்டர் தண்ணீர் சேர்த்தால் செறிவு 6/(20 + ம). ஷீட் போடுவதற்காக அதைப் 15 விழுக்காட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்றால் 20 லிட்டர் தண்ணீர் தேவை. எவ்வளவு ஊற்றினாலும் செறிவு சுழியமாகாது, சுழியத்தை நெருங்கும். இந்தச் சார்புக்கு ம = −20 என்ற இடத்தில் நிலைக்குத்துத் தொலைத்தொடுகோடும் இருக்கிறது; ஆனால் எதிர்ம அளவில் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. தாளில் வரும் கோடுகளில் எவை நம் கணக்குக்கு உரியவை என்பதை ம எந்தெந்த மதிப்புகளை ஏற்கலாம் என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், தம்பி.

ஆறாம் படிவ மாணவன், சுங்கை சிப்புட்:

ஐயா அவர்களுக்கும், அக்காவுக்கும், தாப்பா ஆசிரியருக்கும், கோல சிலாங்கூர் அண்ணனுக்கும் மிக்க நன்றி. விகிதமும் வித்தியாசமும் வேறு வேறு என்ற விளக்கத்தை நேற்றிரவு மண்டபத்தில் பலகையில் எழுதிக் காட்டினேன். எல்லாருக்கும் அந்த 1 எங்கிருந்து வந்தது என்பது விளங்கியது.

சாய்ந்த கோட்டையும் வளைவு வெட்டலாமா என்று பார்ப்பதற்காக நாங்களே ஒரு சார்பை அமைத்தோம்: ச = (ம³ + 2ம)/(ம² + 1). பொதுக்காரணி இல்லை. ம² + 1 எங்கும் சுழியமாகாது என்பதால் நிலைக்குத்துக் கோடு இல்லை. வகுத்தால் ச = ம + ம/(ம² + 1). ஆகவே தொலைத்தொடுகோடு ச = ம. மீதி ம = 0 என்ற இடத்தில் சுழியமாவதால் ஆதிப்புள்ளியில் வளைவு அந்தக் கோட்டை வெட்டுகிறது; வலப்புறம் கோட்டுக்கு மேலே, இடப்புறம் கீழே. ம = 10 எனில் ச = 10.099.

ஒரே ஓர் இடத்தில் தயக்கம் இருக்கிறது. ஆதிப்புள்ளியில் இடைவெளி 0, ஆனால் ம = 1 எனில் இடைவெளி 0.5 ஆகிவிடுகிறது. கோட்டை நெருங்க வேண்டிய வளைவு முதலில் விலகிப் போவது சரியா? இன்னொன்று, அப்படி விலகித் திரும்பும்போது வளைவு மேலே ஏறி, பிறகு இறங்கி, மறுபடி ஏறுவது போல வரைய வேண்டுமா?

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், ஈப்போ:

நீங்களே அமைத்த சார்பு நன்றாக அமைந்திருக்கிறது, தம்பி. முதலில் விலகுவதில் தவறொன்றும் இல்லை. நெருங்குவது தொலைவில் நடந்தால் போதும். எவ்வளவு தூரம் விலகும் என்பதையும் அளந்துவிடலாம். (ம − 1)² எதிர்மமாக முடியாது, ஆகவே ம² + 1 எப்போதும் 2ம-க்குக் குறையாது. வலப்புறத்தில் இதை வைத்துப் பார்த்தால் ம/(ம² + 1) என்ற இடைவெளி 1/2-ஐ மிஞ்சவே மிஞ்சாது; ம = 1 என்ற இடத்தில் அந்த 1/2-ஐ எட்டிவிட்டு, அதன் பிறகு குறைந்துகொண்டே போகும். ம = 100 எனில் ஏறக்குறைய 0.01. இடப்புறத்தில் ம = −1 என்ற இடத்தில் இதே அளவு கீழே விலகும்; ம-வுக்குப் பதில் −ம போட்டால் ச-வின் குறி மட்டும் மாறுவதால், ஒரு பாதியை வரைந்துவிட்டால் மற்றப் பாதியை ஆதிப்புள்ளியைச் சுற்றி அரைவட்டம் திருப்பிப் பெற்றுக்கொள்ளலாம்.

இரண்டாவது கேள்விக்கு: இடைவெளி குறைவதால் வளைவு இறங்குகிறது என்று ஆகிவிடாது. கோடே ஏறிக்கொண்டிருக்கிறது அல்லவா? வகையிட்டால் 1 + (1 − ம²)/(ம² + 1)² வருகிறது. ஒரே பின்னமாக்கினால் மேலே ம⁴ + ம² + 2, கீழே (ம² + 1)². இரண்டும் எப்போதும் நேர்மம். ஆகவே வளைவு எங்கும் இறங்காது, திரும்பு புள்ளியும் இல்லை. ஆதிப்புள்ளியில் சாய்வு 2, அதாவது கோட்டின் சாய்வைப் போல் இரு மடங்கு; ம = 1-இல் கோட்டுக்குச் சமமாக 1; அதற்கு அப்பால் 1-ஐவிடச் சற்றுக் குறைவு, பிறகு மெல்ல 1-ஐ நோக்கித் திரும்புகிறது. ஆதிப்புள்ளி வழியாகக் கோட்டைவிடச் சற்றுச் செங்குத்தாக எழும்பி, ம = 1-க்குப் பிறகு கோட்டின் மேல் மெதுவாகச் சாயும்படி வரையுங்கள்; ச = ம என்ற கோட்டைப் புள்ளிக்கோடாக முதலில் போட்டுக்கொண்டால் கை தடுமாறாது.